மூன்றாம் கியரில் ஒரு கை

கியர்பாக்ஸ் உடைகிற சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு ஆயுசுக்கும் அது போதும். முதலில் ஒரு ‘டொக்’. அடுத்து ஒரு வாளி ஆணியை மாடிப்படியில் கொட்டிவிட்டது மாதிரி ஒரு கலகலப்பு. அதற்கப்புறம் இன்ஜின் மட்டும் பிடிமானம் இல்லாமல் தனியாக அலறும்.

பட்டறை வாசலில் நின்றிருந்த அவளுக்கு இந்த மூன்றும் வரிசை தப்பாமல் கேட்டன. பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஆளில்லாத சாலையில்தான் கார் சோதனைக்குப் போயிருந்தது. ஓட்டிக்கொண்டு போனவர் அவள் கணவர். இன்ஜினைக் கட்டியவன் அவள் தம்பி. கியர்பாக்ஸைக் கட்டியவள் அவள்.

“போச்சு,” என்றாள்.

போனது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அதே மூன்றாம் கியர்.

வாரநாட்களில் இந்தக் குடும்பத்தைப் பார்த்தால் இவர்களுக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர் போகும் வேகத்தில் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் அதே மனிதர் மலைச்சாலையில் வளைவுகளைப் பிய்த்துக்கொண்டு ஏறுவார். பந்தயத்துக்கு வருகிறவர்கள் அவரை ‘ஸ்கூல் வேன்’ என்றே கூப்பிடுவார்கள். அவளுக்கு அங்கே ‘பல் டாக்டர்’ என்று பெயர். கியர் பல்லைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்தாளென்றால் அது எப்படித் தேய்ந்தது, யார் தேய்த்தார்கள் என்று சொல்லிவிடுவாள் என்பது பேச்சு. முன்பு நடந்த இரண்டு உடைசலுக்கு அப்புறம் அந்தப் பேச்சில் கொஞ்சம் கிண்டலும் சேர்ந்துவிட்டது.

கார் என்னவோ பழைய, சின்னக் கார்தான். கம்பெனி அதற்குக் கொடுத்திருந்த இன்ஜின் பரமசாது. அந்தச் சாதுவுக்கு ஏற்ற மாதிரி ஒரு சாது கியர்பாக்ஸ். தம்பி அந்த இன்ஜினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெரிய கார் ஒன்றின் இன்ஜினைக் கொண்டுவந்து உள்ளே திணித்து, போதாததற்குக் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் ஊதுகிற ஒரு டர்போவையும் மாட்டியிருந்தான். காருக்கு இப்போது பிறந்தபோது இருந்ததைவிட மூன்று மடங்கு பலம். அவளும் சும்மா இருக்கவில்லை. உள்ளே தடிமனான பல் வைத்த கியர்கள், நல்ல பேரிங்குகள், கூடு விரிந்து கொடுக்காமலிருக்கக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தாள். “எவ்வளவு வேணா இழுக்கட்டும், என் பாக்ஸ் தாங்கும்” என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் தொலைத்திருந்தாள். சொன்ன வாய்க்கு இப்போது பூட்டுப் போட வேண்டியதாகிவிட்டது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தம்பி காரிலிருந்து குதித்து இறங்கினான். அவன் முகத்தில் வருத்தத்தைக் காணோம், ஆனந்தம் வழிந்தது.

“அக்கா! பேய் மாதிரி இழுக்குதுக்கா! ரெண்டாவதுல வச்சு மிதிச்சா முதுகு சீட்டுக்குள்ள போயிடுது. மாமாவைக் கேளு.”

“எவ்வளவு தூரம் இழுத்துச்சு?”

“அது... மூணாவது போட்டதும்...”

“அப்புறம்?”

“அப்புறம் உன் பாக்ஸ் போயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் தப்பு செய்த பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், தனக்காக வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பட்டறைக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. தம்பியின் சிநேகிதன் ஒருவன் முதுகுவலியால் பந்தயத்தை விட்டுவிட்டான். அவன் காரில் போடுவதற்காக வரவழைத்து, போடாமலே கிடந்த கியர்பாக்ஸ் அது. லாரி இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டினாலும் தாங்குமாம். ஒரே ஒரு நிபந்தனை. செய்த கம்பெனியைத் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது. கூட்டின் இரண்டு பக்கமும் முத்திரை வைத்திருந்தார்கள்.

அவள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“திறக்கவே கூடாதுன்னா, இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மடியில போட்டுத் தாலாட்டு பாடறதா?”

“கோவிச்சுக்காதக்கா. இது வந்துட்டா உனக்கும் நிம்மதி.”

“எனக்கு யாருடா நிம்மதி கேட்டா?”

சமையலில் அவள் சுமார்தான். கணக்கில் சுமாருக்கும் கீழே. நாலு பேர் கூடின இடத்தில் பேசத் தெரியாது. ஆனால் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்து மேசை மேல் பரப்பிவிட்டால் அவளுக்கு உலகமே தெளிவாகிவிடும். எது எதோடு சேரும், எது எதைத் தள்ளும் என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அந்த முத்திரைப் பெட்டி காருக்குள் போய்விட்டால் இந்தப் பட்டறையில் அவளுக்கு டீ வாங்கி வருகிற வேலைதான் மிச்சம்.

“வர்ற ஞாயிறு மலைப் பந்தயத்துக்கு என் பாக்ஸ்தான் போகும். அதுலயும் உடைஞ்சா நீ இதை மாட்டிக்கோ. அதுக்கப்புறம் நான் கியர்பாக்ஸ் பக்கமே வரல, போதுமா?” என்றாள்.

“அக்கா, அவ்வளவெல்லாம் வேணாம்...”

“போதுமான்னு கேட்டேன்.”

“போதும்,” என்றான் தம்பி. அக்காவின் குரல் அப்படி இறங்கும்போது வாயை மூடிக்கொள்வது உத்தமம் என்று சின்ன வயதிலேயே படித்திருந்தான்.

உடைந்த பாக்ஸைப் பிரித்தாள். மூன்றாம் கியரில் பற்கள் பாதி இல்லை. ஆயிலோடு சேர்ந்து துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தன. தம்பி எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான். “அவ்வளவு இழுவைக்குப் பல் தாங்கலக்கா, பாரு.”

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். பெரிய பற்கள் சுமை தாங்காமல் போயிருந்தால் வேரில் விரிசல் விட்டுப் போயிருக்கும். இவை நடுவில் எதையோ கடித்துவிட்டு உடைந்திருந்தன. அப்படியென்றால் முதலில் வேறு ஏதோ சின்னதாக ஒன்று உடைந்து இவற்றின் இடையில் விழுந்திருக்க வேண்டும். தட்டைக் கிளறினாள். கிடைத்தது. கியரையும் தண்டையும் சேர்த்துப் பூட்டுகிற வளையத்தின் குட்டிப் பல் ஒன்று, முனை மழுங்கி, உடைந்து கிடந்தது. வளையம் முழுசாகப் போய்ப் பூட்டாமல், பாதி பிடித்த நிலையில் ஓடி, நழுவி வெளியே வந்திருக்கிறது. நழுவினதைக் கணவர் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறார். சரி, வளையம் ஏன் முழுசாகப் போகவில்லை?

அந்த வளையத்தைத் தள்ளுவது ஃபோர்க். இரண்டு காலுள்ள ஒரு கவை, வளையத்தின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். முன்னால் தள்ளினால் மூன்றாவது, பின்னால் இழுத்தால் நாலாவது. அதைத் துணியால் துடைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஒரு முகம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. மறுமுகம் சூட்டில் நீலம் பாரித்து, தேய்ந்து, தகடாகியிருந்தது.

முன்னால் தள்ளுகிற முகம் மட்டும்!

போன தடவை உடைந்ததைத் தேடி எடுத்தாள். அதிலும் அதே முகம். உடல் முழுக்க ஜிவ்வென்று ஒரு சூடு ஏறியது. இன்ஜின் பலம் தேய்த்திருந்தால் இரண்டு முகமும் தேயும். இதை யாரோ, எதுவோ, ஒரே பக்கமாக விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எது?

புது ஃபோர்க், புது வளையம், புது மூன்றாம் கியர் என்று போட்டு பாக்ஸைத் திரும்பக் கட்டினாள். காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும்படி வைத்து, கணவரை உள்ளே உட்காரவைத்தாள். கட்டின பிறகு இப்படி ஓட்டிப் பார்ப்பது எப்போதும் செய்வதுதான். அவள் கீழே படுத்து, கியர் லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகிற கம்பியின்மேல் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பாள். கியர் சரியாக விழுந்து பூட்டிவிட்டால் அந்தக் கம்பி வேலை முடிந்த நிம்மதியில் லேசாக நடுங்கிக்கொண்டு தொளதொளவென்று கிடக்கும். வழக்கமாக ஓரிரு நொடிதான் பார்ப்பாள், அடுத்த கியருக்குப் போகச் சொல்லிவிடுவாள்.

“ஒண்ணு!” என்று கீழேயிருந்து கத்தினாள். விழுந்தது, நடுங்கியது. “ரெண்டு!” அதுவும் சரி. “மூணு!”

விழுந்தது, நடுங்கியது. இந்தத் தடவை அவள் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பி விறைத்தது. நடுக்கம் நின்றுபோய், விரலடியில் இரும்பு கல்லாகக் கிடந்தது.

அவள் விரலை எடுக்காமலே மேலே பார்த்துக் கேட்டாள்.

“என்னங்க... உங்க கை எங்க இருக்கு?”

“ஸ்டீயரிங்ல.”

“இன்னொண்ணு?”

மேலே சீட் கிறீச்சிட்டது. “லீவர்ல.”

“எடுங்க.”

கம்பி தொளதொளத்தது.

“வைங்க.”

விறைத்தது.

“எடுங்க. வைங்க. எடுங்க!” அவள் காருக்கடியில் படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தம்பி பயந்துபோய் ஓடி வந்தான். “கிடைச்சுடுச்சுடா! ஐயோ, கிடைச்சுடுச்சு! உன் இன்ஜினும் இல்ல, என் பல்லும் இல்லடா. உன் மாமா!”

வெளியே உருண்டு வந்து எழுந்தவள் முகமெல்லாம் கிரீஸ். சிரிப்பு பாதியிலேயே கோபமாக மாறிவிட்டது.

“மூணாவது போட்டப்புறம் லீவரை எதுக்குப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க?”

அவர் இறங்கி வந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“முதல் தடவை மூணாவது தானா வெளிய வந்துச்சுல்ல. அதுலேருந்து. திரும்ப வந்துடப் போகுதேன்னு பிடிச்சுக்குவேன்.”

“அது கியரை இடத்துல பிடிச்சு வைக்கிற பழைய ஸ்பிரிங். இளகிப் போயிருந்துச்சு. அந்த வாரமே மாத்தினேனே!”

“மாத்தினது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே.”

“மாமா,” என்றான் தம்பி பரவசமாக, “அப்ப நீங்கதான் தள்ளித் தள்ளி அதைத் தேய்ச்சீங்களா? தேய்ஞ்சதால நழுவிச்சு, நழுவினதால நீங்க இன்னும் அழுத்தினீங்க...”

“நீ சும்மா இருடா,” என்றாள் அவள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, உன் வேலையை நான் நம்பலைன்னு நினைப்ப.”

“நம்பலைதானே?”

அவர் கொஞ்ச நேரம் அந்த மரப்பெட்டியைப் பார்த்தார். “உடைஞ்சா ஆளாளுக்கு உன்னைத்தானே சொல்றாங்க? எனக்கு அது பிடிக்கல. நான் பிடிச்சுக்கிட்டா உடையாதுன்னு நினைச்சேன்.”

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தம்பி இடைஞ்சலாக நின்றான்.

“இங்க பாருங்க,” என்றாள். “இனிமே அது வெளிய வந்தா வரட்டும். வந்தா அது என் தப்பு. என் தப்பை என்கிட்டயே விட்டுடுங்க. அதையும் பிடிச்சுக்கிட்டு நீங்க எதுக்கு ஓட்டுறீங்க?”

அவர் தலையாட்டினார். ஆனால் தலை ஆடுவது சுலபம். கை அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

அந்த வாரம் பூராவும் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். மூன்றாவது விழும். கை ஸ்டீயரிங்குக்குப் போகும். கொஞ்சம் மேடு வந்தால் போதும், திருட்டுப் பூனை மாதிரி நைசாக லீவருக்குத் திரும்பும். பளீரென்று ஒரு அடி விழும். “ஆ!” “கையை எடுங்க.” “நான் வைக்கல, அதுவா போகுது.” லீவர் தலையில் முள்கம்பி சுற்றிவிடலாமா என்று தம்பி யோசனை சொன்னான். அவன் பக்கமும் ஒரு அடி விழுந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும், அவள் நினைத்திருந்தால் அப்படி ஏதாவது செய்து ஒரே நாளில் வேலையை முடித்திருக்கலாம். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவராக எடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் தன் பாக்ஸை நம்புகிறார் என்று அர்த்தம்.

வேன் பிள்ளைகளிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை, தம்பி முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கியர் லீவர் பக்கம் கை போனால் போதும், வேனே சேர்ந்து “கை!” என்று கத்தியது. சனிக்கிழமைக்குள் அவர் கையெல்லாம் சிவந்திருந்தது. பாதி வழிக்கு வந்திருந்தார் என்று சொல்லலாம். மீதிப் பாதிக்கு வாரத்தில் நாள் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டம். எது வேகமோ அது கணக்கு. அவள் அவருக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வாங்கி வந்திருந்தாள்.

“கறுப்பு நல்லாயிருக்குமே,” என்றார்.

“வெள்ளைதான் தூரத்துலேருந்து தெரியும்.”

அவர் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

வளைவு முடிந்து சாலை நேராகவும் செங்குத்தாகவும் ஏறுகிற இடத்தில், டயர் அடுக்கின தடுப்புக்குப் பின்னால், மண்மேட்டில் ஏறி நின்றுகொண்டாள். மூன்றாம் கியருக்கு மொத்தப் பரீட்சையும் அங்கேதான். ஏற்றத்தின் நடுவில் சாலை ஓரிடத்தில் முதுகு தூக்கியிருந்தது. அதன் மேல் போகும்போது எல்லாக் கார்களும் ஒரு துள்ளுத் துள்ளின. துள்ளி விழும்போது முழுச் சுமையும் திரும்ப ஒரே அடியாக கியர்பாக்ஸில் இறங்கும். முன்னால் போன ஒரு கார் அந்த இடத்தில்தான் ‘டொக்’ என்றது. கலகலவென்று பின்பாட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழே அவர்களுடைய இன்ஜின் உறுமியது. சத்தம் வளைவு வளைவாக ஏறி வந்தது. வந்துவிட்டது! காரின் சின்ன மூக்கு தெரிந்தது, கண்ணாடி தெரிந்தது, கண்ணாடிக்குள் இரண்டு வெள்ளை. மூன்றாவது விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு வெள்ளை. இன்னும் இரண்டு. கார் முதுகில் ஏறித் துள்ளியது.

ஒரு வெள்ளையைக் காணோம்.

ஒரே நொடிதான். திரும்ப மேலே வந்துவிட்டது. பாக்ஸ் உடையவில்லை, கார் ஓடி மேலே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அவளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. ஒலிபெருக்கி அவர்கள் பிரிவில் நாலாவது இடம் என்று சொன்னது காதில் சரியாக விழவில்லை.

கார்கள் நிற்கும் மைதானத்துக்கு வந்தபோது தம்பி அவளைக் கண்டதும் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தான். திருப்புளி.

“என்னடா பண்ண?”

“டர்போ பிரஷரை ஏத்தினேன். கொஞ்சம்தான்க்கா.” எவ்வளவு கொஞ்சம் என்று விரலால் காட்டினான். அவள் முறைக்க முறைக்க, இரண்டு விரலுக்கும் நடுவில் இருந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது.

“அடப்பாவி!”

“நாலாவதாக்கா வர்றது? மலை சும்மா நம்மளைப் பார்த்துச் சிரிக்குதுக்கா!”

அவள் ஜாக்கை எடுத்துக் காரைத் தூக்கினாள். ஸ்பானரோடு கீழே நுழைந்தாள். அடுத்த ஓட்டத்துக்கு நேரம் இருக்கிறது. ஆயிலை இறக்கி, பக்கத்து மூடியைத் திறந்து, ஃபோர்க்கை ஒரு பார்வை பார்த்துவிடலாம். பந்தய நாளில் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் திறந்து பார்ப்பது அவள் வழக்கம். பார்க்காவிட்டால் சோறு இறங்காது. முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தபோது காருக்குப் பக்கத்தில் இரண்டு முழங்கால்கள் வந்து மண்டியிட்டன. கணவர் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

“எதுக்கும்மா திறக்குற?”

“பார்க்கத்தான்.”

“ஏதாவது கெட்டுப்போன சத்தம் கேட்டுச்சா?”

“இல்ல.”

“கியர் விழறதுல ஏதாவது?”

“இல்ல.”

“அப்புறம்?”

தலைக்கு மேலே அவள் கட்டின பாக்ஸ் வெதுவெதுவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

“நீயே நம்பாம திறந்து திறந்து பார்க்கற,” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “என் கை மட்டும் எப்படிம்மா நம்பும்?”

சுருக்கென்று தைத்தது. அந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவார். அந்த ஒரு தடவையை இன்றைக்கென்று வைத்திருந்தார்.

“நீ ஸ்பானரை வச்சுடு. நான் லீவரைத் தொட மாட்டேன்,” என்றார்.

“இவன் பிரஷரை வேற ஏத்திவிட்டிருக்கான்...”

“எவ்வளவு வேணா இழுக்கட்டும், தாங்கும்னு நாலு பேர் முன்னால சொன்னது யாரு?”

அவள் ஸ்பானரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அவர் அதைத் தம்பியிடம் கொடுத்தார். ஒன்றும் புரியாத தம்பி அதைத் திருப்புளியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசறீங்க?” என்றான்.

இரண்டாவது ஓட்டத்துக்கு மண்மேட்டில் தம்பியும் வந்து நின்றான். அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. திறந்து பார்க்காத பாக்ஸ் ஒன்று பந்தயத்துக்குப் போகிறது, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக. கை ஸ்பானரைத் தேடியது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆ! நகம்!”

“சும்மா இரு. வர்றார்.”

சத்தமே வேறு மாதிரி இருந்தது. உறுமல் போய் ஊளையிட்டுக்கொண்டு வந்தது இன்ஜின். தம்பி தலைகால் புரியாமல் குதித்தான். “கேட்டியா! கேட்டியா!” கார் வளைவில் வால் வீசித் திரும்பி, நிமிர்ந்து, ஏற்றத்தைப் பார்த்தது. மூன்றாவது விழுந்தது! கண்ணாடிக்குள் இரண்டு வெள்ளை. இன்ஜின் வைத்திருந்த பலத்தையெல்லாம் கொண்டுவந்து பாக்ஸின் தலையில் கொட்டியது. இரண்டு வெள்ளை. முதுகு வந்துவிட்டது. அவள் தன்னையறியாமல், வேன் பிள்ளைகள் மாதிரியே, தொண்டை கிழியக் கத்தினாள்: “கை!”

கார் நாலு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பித் துள்ளியது. தடாலென்று இறங்கியது.

இரண்டு வெள்ளை!

இரண்டும் அங்கேயே இருந்தன! மூன்றாம் கியர் கடித்த கடியை விடாமல் காரை ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போனது. ஒரு டொக் இல்லை, ஒரு முனகல் இல்லை, ஒரே சீராக, இழுத்துப் பிடித்த ஒரே சுரத்தில் சத்தம் மேலே மேலே ஏறியது. அவள் தம்பியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தடுப்புக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நின்ற பெரியவரையும் கட்டிக்கொண்டாள். அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. “தாங்கிடுச்சு! தாங்கிடுச்சுங்க!” என்றாள். எது தாங்கியது என்று தெரியாவிட்டாலும் அவரும் சந்தோஷப்பட்டார்.

கடைசி வளைவில் கார் மறைந்தது. இன்னும் கொஞ்சம்தான். அப்போது மேலேயிருந்து, ஊருக்கே கேட்கும்படி, ஒரு சத்தம் வந்தது.

‘புஸ்ஸ்ஸ்.’

ஊளை நின்றுபோனது. தம்பி குதிப்பதை நிறுத்தினான்.

“அது பாக்ஸ் இல்ல,” என்றாள் அவள்.

“இல்ல,” என்றான் தம்பி ஈனக்குரலில்.

ஓடினார்கள். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. ஸ்கூல் வேன் கோட்டைத் தாண்டிவிட்டார். அவர்கள் பிரிவில் இரண்டாவது. வந்த வேகத்திலேயே தாண்டியிருக்கிறார். புஸ்ஸென்று போகாமல் இருந்திருந்தால் முதலாவது.

கோட்டுக்கு அப்பால் ஓரமாகக் கார் நின்றிருந்தது. தம்பி பானட்டைத் திறந்தான். டர்போவிலிருந்து வருகிற தடித்த ரப்பர் குழாய், அவன் ஏற்றிவிட்ட பிரஷர் தாங்காமல், வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அவன் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“தம்பி,” என்றாள் அவள், இடுப்பில் கைவைத்து, வாயெல்லாம் பல்லாக. “உன் சிநேகிதன்கிட்ட கேளு. அந்தப் பெட்டி மாதிரியே, யாரும் திறக்கக் கூடாத இன்ஜின் ஏதாவது இருக்கான்னு.”

“அக்கா...”

“இருந்தா வாங்கிடலாம்டா. உனக்கும் நிம்மதி.”

தம்பி குழாயால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். “நாளைக்கே அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடறேன், விடுக்கா.”

அவள் அவனை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். கணவர் இன்னும் இறங்கவில்லை. இன்ஜின் அணைந்து வெகுநேரமாகியும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், இரண்டு வெள்ளைக் கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க?”

“பார்த்தியா?” என்றார், தலையைத் திருப்பாமல்.

“பார்த்தேன்.”

“தொடல.”

“தொடல. பார்த்தேன்.”

“கை வர மாட்டேங்குதும்மா,” என்றார். “இறுகிப்போச்சு.”

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டீயரிங்கிலிருந்து பிரித்தாள். பிரித்த கையை மெதுவாகக் கொண்டுபோய் கியர் லீவரின் தலையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

“இப்ப வச்சுக்கோங்க,” என்றாள்.